உயிரித் தகவலியல் எம்.எஸ்சி.: கணக்கை விட்டு வந்தவர் எப்படிப் படிப்பது?

கேள்வி இது: "பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப், அதன்பின் பி.எஸ்சி. விலங்கியல். இப்போது எம்.எஸ்சி. உயிரித் தகவலியலில் இடம் கிடைத்திருக்கிறது. கணக்கைப் பத்தாம் வகுப்போடு விட்டாயிற்று, கோடிங் தெரியாது. சேரலாமா? சேர்ந்தால் எப்படிப் படிப்பது? முடித்தபின் இந்தப் பட்டம் எங்கெங்கே செல்லும்?"

சேரலாம். உயிரித் தகவலியல் என்பது டி.என்.ஏ., புரதம் போன்ற உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் துறை. ஆனால் உயிரியல், கணினி இரண்டில் எது உங்களுக்குப் பிறந்த வீடு, எது புகுந்த வீடு என்பதை முடிவு செய்துகொண்டு சேருங்கள். இந்தப் படிப்பில் தோற்பவர்கள் பாடம் கடினமாக இருந்ததால் தோற்பதில்லை. இரண்டு பக்கமும் அரைகுறையாக நின்றுவிடுவதால் தோற்கிறார்கள். பாடத்திட்டத்தின் அமைப்பே அதற்கு வழி செய்கிறது. நான்கு செமஸ்டரில் கடைசி செமஸ்டர் பெரும்பாலும் புராஜெக்ட்டுக்குப் போய்விடும். மீதி மூன்றில் உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல், புள்ளியியல், புரோகிராமிங், தரவுத்தளம், வரிசை ஆய்வு, புரத அமைப்பு, மருந்து வடிவமைப்பு எல்லாவற்றையும் அடைத்திருப்பார்கள். 4 கிரெடிட் தாள் என்றால் சுமார் 60 மணி நேர வகுப்பு. நிகழ்தகவை முறையாகவே படிக்காத ஒருவருக்கு 60 மணி நேரத்தில் புள்ளியியல் வந்துவிடாது. செல் உயிரியல் படிக்காத பி.சி.ஏ. மாணவருக்கு 60 மணி நேரத்தில் மரபணு ஒழுங்குமுறை புரிந்துவிடாது. இருவருமே குறிப்புகளை மனப்பாடம் செய்து 60 சதவீதம் வாங்கி வெளியே வருவார்கள். பிறகு மென்பொருள் நிறுவனம் கணினி மாணவரைத்தான் எடுக்கும். ஆய்வகம் பயோடெக் மாணவரைத்தான் எடுக்கும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது இதுதான்.

உங்களுக்குப் பிறந்த வீடு உயிரியல். அதை விடாதீர்கள். இந்தத் துறைக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952-இல் இயற்பியல் துறையைத் தொடங்கிய ஜி.என். ராமச்சந்திரன் உயிரியல் படித்தவர் அல்லர். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடம், அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்ற எளிய தொலைவுக் கணக்கிலிருந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று சொன்னது. இன்றைக்கும் புதிதாக ஒரு புரத அமைப்பைத் தரவுத்தளத்தில் சேர்க்கும்போது ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். அவருக்கு எக்ஸ்-கதிர் இயற்பியலில் ஆழம் இருந்தது. கேள்வி உயிரியலில் இருந்தது. உங்களுக்கு இது தலைகீழ். கேள்வி கேட்கத் தெரியும், கருவி கையில் இல்லை. ஆகவே முதல் செமஸ்டர் முழுவதும் தெரியாத பாதிக்கே நேரம் கொடுங்கள். தெரிந்த உயிரியலையே மறுபடி படித்து இன்டர்னலில் முதல் மதிப்பெண் வாங்குவது சுகமாக இருக்கும். இந்த வகுப்பில் விலங்கியல் மாணவர்கள் விழும் முதல் குழி அந்தச் சுகம்தான்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். பயப்படும் அளவுக்கு வேண்டியதில்லை. மடக்கை (லாகரிதம்), நிகழ்தகவு, அணி, வகையீட்டின் அடிப்படை, இந்த நான்கும் போதும். ஆங்கிலத்தில் தடித்தடியான புத்தகம் தேட வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்தின் 11-ஆம் வகுப்புக் கணிதம் இரண்டு தொகுதிகளும் இணையத்தில் இலவசமாக, தமிழ் வழியிலும் கிடைக்கின்றன. முதல் தொகுதியில் அடிப்படை இயற்கணிதத்தில் வரும் மடக்கை, பிறகு சேர்ப்பியல். இரண்டாம் தொகுதியில் அணிகள், வகை நுண்கணிதத்தின் தொடக்கம், நிகழ்தகவு. அதன்பின் 12-ஆம் வகுப்பில் நிகழ்தகவுப் பரவல்கள். நாளுக்கு ஒரு மணி நேரம், பேனாவும் தாளுமாக, பயிற்சிக் கணக்குகளைப் போட்டால் பத்து முதல் பன்னிரண்டு வாரத்தில் முடியும். வீடியோ பார்த்தால் புரிந்ததுபோல் இருக்கும், ஆனால் கை வராது. முக்கோணவியல், பகுமுறை வடிவியல் ஆகியவற்றை இப்போதைக்குத் தாண்டிவிடலாம்.

மடக்கையை முதலில் சொல்லக் காரணம், இந்தத் துறையில் நீங்கள் பார்க்கும் எண்களில் பாதி மடக்கை வேடத்தில்தான் வரும். டி.என்.ஏ.யின் ஏ, சி, ஜி, டி எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் கருவி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தர எண் தரும். அந்த எண் 20 என்றால் நூற்றில் ஒன்று தவறாக இருக்கலாம். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. 150 எழுத்துள்ள ஒரு துண்டு முழுக்கத் தரம் 20 என்றால் சராசரியாக ஒன்றரைப் பிழை இருக்கும். 30 என்றால் ஏழு துண்டுக்கு ஒரு பிழை. 20-க்கும் 30-க்கும் நடுவே இருப்பது ஒன்றரை மடங்கு அல்ல, பத்து மடங்கு. இதை உணராதவர்கள் "25 பரவாயில்லை" என்று வடிகட்டும் எல்லையை இஷ்டத்துக்கு வைப்பார்கள்.

ஒரு வரிசைக்கு ஒத்தவற்றைத் தரவுத்தளத்தில் தேடித் தரும் பிளாஸ்ட் மென்பொருளின் ஈ-வேல்யூவும் அப்படித்தான். 'இவ்வளவு பெரிய தரவுத்தளத்தில் தற்செயலாகவே இந்த அளவு அல்லது இதைவிட நல்ல பொருத்தம் எத்தனை கிடைக்கும்' என்பதற்கான எதிர்பார்ப்பு அது. தரவுத்தளம் இரண்டு மடங்கானால் ஈ-வேல்யூவும் இரண்டு மடங்காகும். பொருத்தத்துக்கான மதிப்பெண்ணான பிட் ஸ்கோர் ஒன்று கூடினால் ஈ-வேல்யூ பாதியாகும். பத்து கூடினால் 1024-இல் ஒரு பங்காகும். அதனால்தான் போன வருடம் ஒரு சீனியர் கண்ட ஈ-வேல்யூவும் அதே வரிசைக்கு இன்று நீங்கள் காண்பதும் வேறாக இருக்கும். இரண்டிலும் தவறில்லை, தரவுத்தளம் வளர்ந்திருக்கிறது. வைவாவில் இந்த ஒரு கேள்விக்கு வாய் திறக்காதவர்கள் அதிகம்.

இரண்டாவது, அல்காரிதத்தைக் கணினியில் ஓட்டுவதற்கு முன் தாளில் போட்டுப் பாருங்கள். 1970-இல் நீடில்மன், வுன்ஷ் வெளியிட்ட முழுவரிசை ஒப்பீட்டு முறையும், 1981-இல் ஸ்மித், வாட்டர்மன் வெளியிட்ட பகுதிவரிசை முறையும் பாடத்திட்டத்தில் கட்டாயம் இருக்கும். ஏ-சி-ஜி-டி என்ற நான்கெழுத்து வரிசையையும் ஏ-ஜி-டி என்ற மூன்றெழுத்து வரிசையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தினால் +1, பொருந்தாவிட்டால் −1, இடைவெளி விட்டால் −2. ஓர வரிசைகளோடு சேர்த்து 20 கட்டம். முழுவரிசை முறையில் நிரப்பினால் கடைசிக் கட்டத்தில் 1 வரவேண்டும்: மூன்று பொருத்தம், ஒரு இடைவெளி. இனி அதே அட்டவணையை, குறை எண் வரும் இடத்தில் எல்லாம் சுழியம் போட்டு நிரப்புங்கள். அதே கடைசிக் கட்டத்தில் இப்போது 2 வரும். பின்தொடர்ந்து போனால் ஜி-டி இரண்டு எழுத்தோடு நின்றுவிடும். முன்னால் உள்ள ஏ கழன்றுவிட்டது, ஏனென்றால் அதைச் சேர்க்க இரண்டு புள்ளி செலவழித்து ஒரு புள்ளிதான் கிடைக்கும். இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்துப் பக்கக் குறிப்பைவிட இந்த 20 கட்டம் நன்றாகச் சொல்லும். தேர்விலும் கணக்காகவே கேட்பார்கள். ஐந்துக்கு ஐந்து கட்டத்தை எட்டு நிமிடத்தில் போடும் வேகம் வரும்வரை பழகுங்கள். புரத வரிசைகளை ஒப்பிடும்போது எந்தப் பொருத்தத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் பாம், பிளாசம் அணிகளின் எண்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும் என்பதையும் இங்கேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாம் 250 தொலைதூர உறவுக்கு. பிளாசம் 80 நெருங்கிய உறவுக்கு. தேர்வறைப் பதற்றத்தில் மாற்றி எழுதி மதிப்பெண்ணை விடுவது இதில்தான்.

கோடிங்குக்கு வருவோம். சில துறைகளில் பாடத்திட்டம் இன்னும் பெர்ல் மொழியை வைத்திருக்கும். தேர்வுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு படித்துவிட்டுத் தள்ளி வையுங்கள். வரிசைப்படி வேண்டியது முதலில் லினக்ஸ் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் திரை), இரண்டாவது பைத்தான், இரண்டாம் செமஸ்டரிலிருந்து ஆர் என்ற புள்ளியியல் மொழி. மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் மூன்றுமே குழம்பும். டெர்மினலுக்கு மூன்று வாரம் கொடுங்கள். விண்டோஸ் லேப்டாப்பிலேயே அதன் உள்ளே லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம், தனியாகக் கணினி வாங்க வேண்டாம். பைத்தானில் முதல் இலக்கு சிறியதாக இருக்கட்டும்: வரிசைகளை எழுதி வைக்கும் ஃபாஸ்டா கோப்பு ஒன்றைப் படித்து ஒவ்வொரு வரிசையின் நீளமும், அதில் ஜி, சி எழுத்துகளின் சதவீதமும் எழுதித் தருவது. பிறகு வரிசையைத் திருப்பி நிரப்பு வரிசை எடுப்பது. பிறகு ஆறு வாசிப்புச் சட்டங்களிலும், அதாவது மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் ஆறு வழிகளிலும், புரதமாக மொழிபெயர்ப்பது. இந்த மூன்றையும் ஆயத்த நூலகம் எதையும் அழைக்காமல் ஒருமுறையாவது எழுத வேண்டும். ரோசலிண்ட் என்ற பயிற்சித் தளத்தில் இதுபோன்ற கணக்குகள் ஏறுவரிசையில் இருக்கின்றன. வாரம் மூன்று போட்டாலே முதல் வருடம் முடிவதற்குள் நல்ல பிடி வரும்.

இப்போது எல்லோரும் ஏ.ஐ. சாட்பாட்டிடம் கோடு வாங்கிக்கொள்கிறார்கள். வாங்கலாம். ஆனால் இந்தத் துறையில் ஓடாத கோடு ஆபத்தில்லை. ஓடிக்கொண்டே தவறான விடை தரும் கோடுதான் ஆபத்து. அதனால் விடை முன்பே தெரிந்த சின்னத் தரவு ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். மேலே சொன்ன ஏ-சி-ஜி-டி அட்டவணையே ஒரு சோதனைத் தரவுதான். முழுவரிசை முறைக்கான கோடு 1 தரவில்லை என்றால் கோடு தவறு.

லேப்டாப் எது வாங்குவது என்று தவறாமல் கேட்பார்கள். 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். மனித மரபணுத்தொகுதியில் 300 கோடிக்கு மேல் எழுத்துகள். வரிசைத் துண்டுகளை மரபணுத்தொகுதியில் பொருத்தும் ஸ்டார் என்ற மென்பொருளில் மனித ஆர்.என்.ஏ. தரவை ஓட்ட ஏறத்தாழ 30 ஜி.பி. ராம் கேட்கும், உங்கள் கணினி உறைந்துவிடும். அதே வேலையை ஹைசாட்-2 என்ற மென்பொருள் சுமார் 8 ஜி.பி.யில் செய்யும். கற்றுக்கொள்ளும்போது மனிதத் தரவே வேண்டியதில்லை. ஈஸ்ட்டின் தொகுதி 1.2 கோடி எழுத்து, ஈ.கோலி 46 லட்சம். இவற்றை வைத்தால் ராத்திரி முழுக்கக் காத்திருக்காமல் சில நிமிடங்களில் விடை வரும், தவறினால் உடனே திருத்தலாம். பெரிய வேலைக்கு கேலக்ஸி என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. துறையில் சர்வர் இருந்தால் அதற்கு யார் பொறுப்பு, கணக்கு வாங்க எத்தனை நாள் ஆகும் என்று முதல் மாதமே விசாரித்து வையுங்கள்.

கோடு சரியாக இருந்தும் விடை தவறும் இடங்கள் சில உண்டு. இவை பாடப்புத்தகத்தில் அவ்வளவாக வராது.

எக்செல். மரபணுப் பட்டியலை எக்செல்லில் திறந்தால் செப்ட்-2, மார்ச்-1 போன்ற பெயர்களை அது தேதியாக மாற்றி, செப்டம்பர் 2, மார்ச் 1 என்று சேமித்துவிடும். வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்புகளில்கூட இந்தப் பிழை புகுந்து, கடைசியில் 2020-இல் மரபணுப் பெயரிடும் குழுவே அந்த மரபணுக்களின் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. பழைய தரவுகளில் பழைய பெயர் இன்னும் இருக்கிறது. பட்டியலை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கித் திறக்காதீர்கள்.

எண்ணத் தொடங்கும் இடம். மரபணுத்தொகுதியில் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று குறிக்கும் கோப்புகளில், பெட் வடிவக் கோப்பு 0-விலிருந்து எண்ணும், ஜி.எஃப்.எஃப்., வி.சி.எஃப். கோப்புகள் 1-லிருந்து எண்ணும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஓர் எழுத்து தவறினால் புரதத்தின் வாசிப்புச் சட்டமே சரிந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

பதிப்பு. மனித மரபணுத்தொகுதியின் 37-ஆம் பதிப்பு 2009-இல் வந்தது, 38-ஆம் பதிப்பு 2013-இல். இரண்டும் இன்றும் புழங்குகின்றன. ஒரே இடத்துக்கு இரண்டிலும் வேறு வேறு எண். யாரிடமாவது கோப்பு வாங்கினால் முதல் கேள்வி 'எந்தப் பதிப்பு?' என்பதாகவே இருக்கட்டும்.

புள்ளியியலில் ஒரு குழி மிகப் பெரியது. 20,000 மரபணுக்களைத் தனித்தனியே சோதித்து, பி-மதிப்பு (மாற்றமே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்ததை எல்லாம் கண்டுபிடிப்பு என்று எடுத்தால், உண்மையில் எந்த மாற்றமும் இல்லாத தரவிலேயே சுமார் 1000 மரபணு தேறிவிடும். பல சோதனைகளை ஒன்றாகச் செய்வதால் வரும் இந்தப் பிழையைக் கட்டுப்படுத்தத்தான் பெஞ்சமினி-ஹோக்பெர்க் திருத்தம். எதற்காக என்று தெரியாமல் மென்பொருள் தரும் அட்டவணையின் கடைசி நெடுவரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர்கள் வைவாவில் மாட்டுவார்கள். இதே வகையில் இன்னொன்று: மரபணுக்களின் செயல்பாடு எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று ஒப்பிடும் டெசெக்-2 மென்பொருளுக்குத் திருத்தாத எண்ணிக்கையைத்தான் கொடுக்க வேண்டும். நீளத்துக்கு ஏற்பச் சரிசெய்த எண்ணைக் கொடுத்தால் அது ஏற்கெனவே செய்த வேலையின் மேல் மறுபடி வேலை செய்து விடையைக் கெடுக்கும். கட்டுப்பாட்டு மாதிரிகளை எல்லாம் ஒரு நாள், மருந்து கொடுத்தவற்றை எல்லாம் மறுநாள் என்று ஆய்வகத்தில் எடுத்திருந்தால், மருந்தின் விளைவையும் நாளின் விளைவையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. தரவு வருவதற்கு முன்பே ஆய்வக நண்பர்களிடம் இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பிறந்த வீடு உயிரியல் என்பதன் லாபம் இங்கேதான் தெரியும்.

உங்கள் வகுப்பில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினியியல் படித்தவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுடைய பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. உயிரியலை விதிகளின் தொகுப்பாக எடுத்துக்கொள்வார்கள். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் யு-ஜி-ஏ நிறுத்தக் குறி அல்ல, டிரிப்டோஃபானுக்கான குறி. பொது அட்டவணையை வைத்து மைட்டோகாண்ட்ரிய மரபணுவை மொழிபெயர்த்தால் புரதம் பாதியிலேயே வெட்டுப்படும், கோடில் பிழை தேடி இரண்டு நாள் போகும். நீங்கள் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட ஒருவரோடு சேர்ந்து படியுங்கள். வாரம் இரண்டு மாலை, ஒரு மாலை அவர் கற்றுத்தர, ஒரு மாலை நீங்கள் கற்றுத்தர. ஆனால் அசைன்மென்ட்டில் கோடை அவர் எழுத, விளக்கத்தை நீங்கள் எழுத என்று பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம். இருவருமே வந்தபடியே வெளியே போவீர்கள்.

புராஜெக்ட் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளில் மிக அதிகமாக நடப்பது டாக்கிங் புராஜெக்ட். ஒரு மூலிகையில் இருக்கும் ஐம்பது வேதிப்பொருள்களை இறக்கி, ஒரு நோயோடு தொடர்புடைய புரதத்தில் ஆட்டோடாக் வீனா என்ற மென்பொருள் வழியாகப் பொருத்தி, பிணைப்பு ஆற்றல் −9.2 வந்த பொருள் −8.9 வந்ததைவிடச் சிறந்தது, ஆகவே இது மருந்தாகலாம் என்று முடித்துவிடுவார்கள். வீனாவை உருவாக்கியவர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே அதன் கணிப்புப் பிழை மோலுக்கு ஏறத்தாழ 2.85 கிலோகலோரி என்றுதான் இருக்கிறது. 0.3 வித்தியாசத்தை வைத்து முதல் இடம், இரண்டாம் இடம் கொடுப்பது, ஒரு கிலோ முன்பின் காட்டும் தராசில் குந்துமணி நிறுப்பதுபோல. மூலக்கூறு பெரிதாக இருந்தால் ஸ்கோர் தானாகவே ஏறும். டானின் வகைப் பெரிய பொருள்கள் எந்தப் புரதத்திலும் முதலிடம் பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

டாக்கிங்தான் செய்தாக வேண்டும் என்று கைடு சொன்னால் குறைந்தது சில காரியங்களைச் செய்யுங்கள். படிக அமைப்பில் ஏற்கெனவே பொருந்தியிருக்கும் மூலக்கூறை எடுத்துவிட்டு, அதையே திரும்பப் பொருத்திப் பாருங்கள். பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வரவில்லை என்றால் உங்கள் அமைப்பு சரியில்லை, மேலே போகக் கூடாது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் என்று ஆய்வகத்தில் உறுதியான பத்துப் பொருள்களையும், தடுக்காது என்று தெரிந்த சில பொருள்களையும் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டு கூட்டமும் பிரியவில்லை என்றால் மூலிகைப் பொருளின் ஸ்கோருக்குப் பொருளே இல்லை. புரத அமைப்பைக் கணிக்கும் ஏ.ஐ. மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டு கணித்த அமைப்பை எடுத்தால், பொருத்தும் பள்ளத்தைச் சுற்றிய பகுதியின் நம்பிக்கை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு எடுங்கள். கணிப்புக்கு 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது என்பதால் ஒவ்வொரு வளைவும் சரி என்று ஆகிவிடாது.

இதைவிட நல்ல புராஜெக்ட், வெளியான ஒரு கட்டுரையின் பொதுத் தரவை எடுத்து அதன் ஒரு படத்தை மீண்டும் உருவாக்கி, அதிலிருந்து அந்தக் கட்டுரை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்பது. ஜியோ, எஸ்.ஆர்.ஏ. போன்ற பொதுக் களஞ்சியங்களில் தரவு இலவசம். 16 வாரம் இருந்தால், முதல் நான்கு வாரம் அந்தப் படத்தை மீட்டெடுக்க, அடுத்த ஏழு உங்கள் கேள்விக்கு, இரண்டு வாரம் சரிபார்க்க, மூன்று எழுத. எழுதுவதற்கு ஒரே வாரம் வைத்தவர்களின் அறிக்கையில் முறைகள் பகுதி இரண்டு பத்தியாகச் சுருங்கிக் கிடக்கும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த அளவுரு என்று அன்றன்றைக்கே ஒரு கோப்பில் எழுதி வைத்தால் முறைகள் பகுதி பாதி தானாக எழுதப்பட்டிருக்கும்.

வேறு துறை ஆய்வகத்தோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் ஒரே விதி: தரவு கையில் வராமல் தலைப்பைப் பதிவு செய்யாதீர்கள். 'ஜனவரியில் சீக்வென்சிங் முடிந்துவிடும்' என்பார்கள். மாதிரி கெட்டுவிடும், வேதிப்பொருள் வராது, மார்ச் ஆகிவிடும். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை, ஆய்வகம் அப்படித்தான். ஆனால் உங்கள் வைவா தேதி நகராது. இரண்டு கைடு இருந்தால் கையெழுத்துப் போடுபவர் யார், திருத்தம் சொல்பவர் யார், கட்டுரையாக வந்தால் பெயர் வரிசை எப்படி என்பதை முதல் வாரமே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வருடக் கோடை விடுமுறையை வீணாக்க வேண்டாம். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் இருக்கலாம். அறிவிப்பு முந்தைய ஆண்டின் இறுதி வாக்கிலேயே வந்துவிடும். ஏப்ரலில் தேடினால் கதவு மூடியிருக்கும். சென்னையில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் ஐ.ஐ.டி.யிலும் கணக்கீட்டு உயிரியல் ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. பேராசிரியருக்கு எழுதும்போது, அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பதை ஐந்து வரியில் எழுதுங்கள். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் அது படிப்பவருக்குத் தெரியும்.

இனி பட்டம் எங்கே செல்லும் என்ற கேள்வி. இதைச் சேர்வதற்கு முன்பே பார்க்க வேண்டும், பலர் முடித்தபின்தான் பார்க்கிறார்கள்.

ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிரித் தகவலியல் என்று தனித் தாள் கிடையாது. உயிர் அறிவியல் தாளைத்தான் எழுத வேண்டும். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். ஏ பகுதியில் 20-இல் 15, பி பகுதியில் 50-இல் 35, சி பகுதியில் 75-இல் 25 கேள்விக்கு விடையளிக்க வேண்டும். சி பகுதியில் கேள்விக்கு 4 மதிப்பெண், தவறினால் கால் பங்கு போகும். பாடத்திட்டம் வளர்ச்சி உயிரியல், சூழலியல், பரிணாமம், தாவர உடலியல் என்று விரிந்து கிடக்கும், உங்கள் எம்.எஸ்சி.யில் இவற்றில் பெரும்பகுதி வராது. ஆகவே பி.எஸ்சி. விலங்கியல் குறிப்புகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட பிரிவினருக்கு 50. கேட் தேர்வில் பயோடெக்னாலஜி அல்லது உயிர் அறிவியல் தாள் பொருந்தும்.

ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் கவனம் தேவை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாகவோ, இணையானது என்று அரசு ஏற்றதாகவோ இருக்க வேண்டும். இளங்கலை விலங்கியல், முதுகலை உயிரித் தகவலியல் என்றால் இடையில் முறிவு விழுகிறது. இதைத் தீர்ப்பது இணைத்தன்மை அரசாணை, பேச்சுவழக்கில் ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டம் எதற்கு இணை, எது இணையில்லை என்று இரண்டு விதமாகவும் ஆணைகள் வருகின்றன. அவை பட்டத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்தே சொல்லும். பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் ஆணை உங்களுக்கு உதவாது. சான்றிதழில் 'உயிரித் தகவலியல்' என்று வருமா, 'கணக்கீட்டு உயிரியல்' என்று வருமா என்பதும் அதனால் முக்கியம். ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற குரூப் தேர்வுகள், வங்கித் தேர்வுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தனியார் பக்கம் பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில் மரபணுத் தரவு நிறுவனங்கள், மருந்து நிறுவனங்களின் தரவுப் பிரிவுகள் எடுக்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு முதலில் கிடைப்பது தரவுத் தொகுப்பு வேலையாக இருக்கும்: கட்டுரைகளைப் படித்து மரபணு, நோய், மருந்து விவரங்களை வகைப்படுத்துவது. அதில் விலங்கியல் பின்னணி நன்றாகவே கைகொடுக்கும். மெடிக்கல் கோடிங்கை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பெயரில் கோடிங் இருக்கிறதே தவிர அது மருத்துவக் காப்பீட்டுக்கான குறியீட்டு வேலை. அதற்கு இந்த எம்.எஸ்சி. தேவையே இல்லை.

கட்டணம் கட்டுவதற்கு முன் துறைக்கு ஒருமுறை நேரில் போய்வாருங்கள். கணக்கு படிக்காதவர்களுக்கு இணைப்புப் பாடம் நடத்துகிறார்களா, அது முதல் செமஸ்டர் தொடங்கும் முன்பா, கூடவேயா என்று கேளுங்கள். புள்ளியியலை எடுப்பவர் அந்தத் துறையிலேயே இருக்கிறாரா, வேறு துறையிலிருந்து வருகிறாரா என்று கேளுங்கள். வெளியிலிருந்து வருபவராக இருந்தால் வகுப்புகள் செமஸ்டர் கடைசியில் குவியும். கணினி ஆய்வகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும், சென்ற இரண்டு ஆண்டு புராஜெக்ட் தலைப்புகளின் பட்டியல் கிடைக்குமா என்று கேளுங்கள். அந்தப் பட்டியலில் இருபதில் பதினெட்டு மூலிகை டாக்கிங்காக இருந்தால், வேறு இடத்தில் கிடைத்த இடத்தையும் கைவிடாமல் இன்னொரு வாரம் வைத்திருங்கள்.